பெண் பிள்ளைகளின் பாதுகாப்பும் பூட்டிய விடுதிகளும்

ஆட்கடத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோர் மனதில் ஒரு சினிமாக் காட்சிதான் வருகிறது. இருட்டிய தெரு, கறுப்புக் கண்ணாடி போட்ட வேன், வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போகும் முரடர்கள்! இப்படியும் நடப்பது உண்டு. ஆனால் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படிக் காணாமல் போவதில்லை. அவர்களை அழைத்துப் போகிறவர் பட்டப்பகலில் வருகிறார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். பெரும்பாலும் தெரிந்தவராக, சில நேரம் சொந்தக்காரராகக்கூட இருக்கிறார். அப்பா கையெழுத்துப் போடுகிறார், அம்மா பையில் துணிமணி எடுத்து வைக்கிறாள், பெண்ணும் வேனில் ஏறிக் கையசைக்கிறாள். அந்தத் தெருவில் யாருக்கும் அது கடத்தலாகத் தெரிவதில்லை.

ஆனால் சட்டத்தின் பார்வை வேறு. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறை, ஆட்கடத்தலை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது. ஒருவரை வேலைக்குத் திரட்டுவதோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போவதோ முதல் கூறு. அதற்காக மிரட்டுவது, ஏமாற்றுவது, அவர்களின் இல்லாமையைப் பயன்படுத்திக்கொள்வது இரண்டாவது. சுரண்டும் நோக்கம் மூன்றாவது. 18 வயது நிரம்பாதவர் என்றால் இரண்டாவது கூறைப் பார்க்கவே வேண்டியதில்லை. இந்தியா 2011இல் இந்த நெறிமுறைக்கு ஒப்புதல் அளித்தது. பாலியல் தொழிலுக்கு விற்பது மட்டுமல்ல, கட்டாய உழைப்புக்குக் கொண்டு போவதும் கடத்தல்தான். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடி அலைய வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளின் பஞ்சாலைகளில் பல ஆண்டுகள் நடந்த ஒரு திட்டமே போதும்.

சுமங்கலி என்ற மங்கலப் பெயர்

அதன் பெயர் சுமங்கலித் திட்டம். சில ஆலைகள் மாங்கல்யத் திட்டம் என்றும், திருமகள் திருமணத் திட்டம் என்றும் அழைத்தன. பெயரைப் பார்த்தால் அரசாங்கம் ஏழைப் பெண்களுக்குத் தாலி வாங்கிக் கொடுக்கும் திட்டம் என்றே யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது ஆலைகள் ஆள் எடுக்கும் முறை.

விவரம் இதுதான். திருமணமாகாத இளம்பெண்கள் மூன்றாண்டு மில்லில் வேலை செய்ய வேண்டும். ஆலை வளாகத்திலேயே விடுதி, சாப்பாடு. மாதா மாதம் ஒரு சிறு தொகை கையில் கிடைக்கும். மூன்றாண்டு முடிந்ததும் மொத்தமாக 30,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரை கிடைக்கும். அதை வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளலாம். துண்டுப் பிரசுரங்கள் ஊர் ஊராகப் போயின. மதுரை, தேனி, சிவகங்கை, புதுக்கோட்டை, திருநெல்வேலி போன்ற மாவட்டங்களின் கிராமங்களில் புரோக்கர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு இவ்வளவு என்று கமிஷன். போன பெண்களில் பெரும்பகுதியினர் தலித் குடும்பங்களையும், மற்ற பின்தங்கிய சாதிகளின் நிலமற்ற குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். பள்ளியைப் பாதியில் விட்ட சிறுமிகளும் அவர்களில் உண்டு.

2011ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. அதன் பிறகுதான் ஐரோப்பியக் கடைகளில் தொங்கும் சட்டைகளுக்கும் நம் ஊர் விடுதிகளுக்கும் உள்ள தொடர்பு உலகத்துக்குத் தெரிய வந்தது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது. அந்த ஆடைக்கு நூல் வேண்டும். நூலுக்கு இரவும் பகலும் நிற்காமல் ஓடும் மில் வேண்டும். அந்த மில்லுக்குச் சங்கம் சேராத, ஷிப்ட் மாற்றிக் கேட்காத, சொன்ன சொல் தட்டாத கைகள் வேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணின் கைகளைவிட வேறு எந்தக் கை அவ்வளவு வசதி?

பரிசா, கூலியா? ஒரு சிறு கணக்கு

இந்தத் திட்டத்தை ஆதரித்தவர்கள் எப்போதும் சொன்ன ஒரு வாதம் உண்டு. "ஏழைப் பெண்ணுக்கு மொத்தமாக நாற்பதாயிரம் வேறு யார் தருவார்கள்?" கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் வணிகவியலில் முதலாம் ஆண்டு படிக்கிறவர்கூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளலாம். சட்டப்படி ஒரு நாள் கூலி 110 ரூபாய். பெண்ணின் கணக்கில் கொடுத்தது 70 ரூபாய். ஒரு நாளைக்குக் குறைந்தது 40 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் 1,040 ரூபாய். 36 மாதத்துக்கு 37,440 ரூபாய். கடைசியில் "பரிசு" என்று கொடுத்தது 40,000. அதாவது அந்தப் பெண்ணின் சொந்தக் கூலியை மூன்றாண்டு பிடித்து வைத்திருந்து, அதை அவளுக்கே பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள்! அதே 1,040 ரூபாயை அவளே மாதந்தோறும் 8 சதவீத வட்டியில் தொடர் வைப்பில் போட்டு வந்திருந்தால் மூன்றாண்டு முடிவில் சுமார் 42,000 ரூபாய் கையில் இருந்திருக்கும். பரிசு வாங்கியதில் அவளுக்கு இரண்டாயிரம் நட்டம். இதில் மிகைநேர வேலைக்குச் சட்டப்படி தர வேண்டிய இரட்டிப்புக் கூலி சேரவில்லை.

ஆலையின் பக்கமிருந்து பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தொழிலாளிக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்த கூலி, கணக்குப் புத்தகத்தில் ஒரு பொறுப்பு, அதாவது கடன். நூறு பெண்கள் என்றால் நூறு பேர் ஆலைக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறார்கள். வங்கிக்குப் போனால் வட்டி கட்ட வேண்டிய நடைமுறை மூலதனம், கிராமத்துப் பிள்ளைகளிடமிருந்து இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

அதைவிட மோசமானது இன்னொன்று. மூன்றாண்டு முடியும் முன்பு போனால் மொத்தத் தொகை கிடையாது என்பதுதான் பல இடங்களில் நிபந்தனை. முப்பதாவது மாதத்தில் உடம்பு முடியாமல் ஒரு பெண் ஊருக்குப் போய்விட்டால், ஆலை அவளுக்குத் தர வேண்டிய கடன் அன்றே லாபமாக மாறிவிடும். கடன் வாங்கியவருக்குக் கடன் கொடுத்தவர் ஓடிப் போவது லாபம் என்று ஓர் ஏற்பாடு இருந்தால், அங்கே கடன் கொடுத்தவரை யார் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்?

மூன்றாண்டு என்ற கணக்கும் தற்செயல் அல்ல. அப்போதிருந்த பணிக்கொடைச் சட்டப்படி ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் பணிக்கொடை கிடைக்கும். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டமோ 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. இதைத் தவிர்க்கப் பெண்களை "அப்ரண்டிஸ்" என்று எழுதிக்கொண்டார்கள். நூல் அறுந்தால் முடிச்சுப் போடவும், கோன் மாற்றவும் சில மாதங்களில் கற்றுக்கொண்டுவிடலாம். மூன்றாண்டு கற்றும் முடியாத தொழில் அதில் என்ன இருக்கிறது?

யாருக்காகப் பூட்டு?

பெற்றோர்கள் ஏமாளிகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது நியாயமல்ல. வயசுக்கு வந்த பெண்ணை வீட்டில் விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போகும் தாய் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் போகிறாள். பள்ளிக்கூடம் தூரம், பஸ் இல்லை, வழியில் கேலி கிண்டல், வீட்டில் கதவுகூடச் சரியாக இல்லை. அப்படிப்பட்ட தாயிடம் வந்து புரோக்கர் சொல்லும் வார்த்தை, "நாலு பக்கமும் காம்பவுண்டு சுவர், கேட்டில் வாட்ச்மேன், வார்டன் அம்மா, செல்போனுக்கு அனுமதி இல்லை, வெளியே விடவே மாட்டார்கள்." ஒரு கைதிக்குச் சொல்லப்படுவது போன்ற இந்த வார்த்தைகள்தான் அந்தத் தாயின் காதில் தேனாகப் பாய்கின்றன. தனக்கும் வேண்டியது அதுதான் என்று நினைக்கிறாள்.

அந்தப் பூட்டு யாரிடமிருந்து பெண்ணைக் காப்பாற்றுகிறது என்று யோசிக்க வேண்டும். தெருவில் போகும் அந்நியரிடமிருந்து காப்பாற்றலாம். ஆனால் பெண்களுக்கு நேரும் வன்கொடுமைகளில் பெரும்பாலானவை அந்நியரால் நேர்வதில்லை. தெரிந்தவராலும், அதிகாரம் உள்ளவராலும்தான் நேர்கின்றன. மில்லில் அந்த அதிகாரம் சூப்பர்வைசரிடம் இருக்கிறது. ஷிப்ட் போடுவது அவர், லீவு கொடுப்பது அவர், எண்ணிக்கை குறைந்தால் திட்டுவது அவர். அவருடன் சேர்த்துத்தான் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள். கையில் போன் இல்லாத, கூலி கைக்கு வராத, ஊருக்குத் திரும்பப் பஸ் காசு இல்லாத ஒரு பெண்ணிடம் மேலே இருப்பவர் தவறாக நடந்தால் அவளால் என்ன செய்ய முடியும்? வீட்டில் சொன்னால் "பேசாமல் திரும்பி வந்துவிடு, வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்காது" என்பார்கள். எந்தக் கல்யாணத்துக்காகப் போனாளோ அந்தக் கல்யாணத்தின் பெயராலேயே அவள் வாய் மூடப்படுகிறது.

பூட்டு ஒரு பெண்ணை வெளியே போகவிடாமல் தடுக்கும். அவளுடைய குரல் வெளியே போகாமலும் தடுக்கும். இரண்டாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை

சட்டம் போதவில்லை என்று மேடைகளில் அடிக்கடி பேசுவார்கள். உண்மையில் எத்தனை சட்டம்! மனிதரை வாங்கி விற்பதையும் கட்டாய வேலை வாங்குவதையும் அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவே தடை செய்கிறது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1982இல் ஏசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மிக முக்கியமான ஒன்றைச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் 23ஆவது பிரிவு சொல்லும் கட்டாய உழைப்பே என்பதுதான் அது. சங்கிலி போட்டுக் கட்டினால்தான் அடிமை என்பதில்லை. வறுமையே ஒரு சங்கிலி என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது.

டெல்லி சம்பவத்துக்குப் பிறகு, 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆவது பிரிவு திருத்தப்பட்டு ஆட்கடத்தல் விரிவாக வரையறுக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவாக இருக்கிறது. கடத்தப்பட்டவர் சம்மதித்தார் என்பது குற்றவாளிக்கு உதவாது. கடத்தப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் தண்டனை பத்தாண்டுக்குக் குறையாது, ஆயுள்வரை போகலாம். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்குப் பெண் தலைமை தாங்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும் என்கிறது அது. பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014இல் தனிச் சட்டமே வந்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் பயன் குறைவு? இந்தச் சட்டங்கள் எல்லாம் ஓர் இடத்தில் வந்து நிற்கின்றன. பாதிக்கப்பட்ட பெண் வாய் திறந்து சொல்ல வேண்டும். உள்புகார்க் குழுவிடம் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பெண், தன் கூலியைப் பிடித்து வைத்திருக்கும் அதே நிர்வாகம் அமைத்த குழுவிடம் போய், தன் சூப்பர்வைசர் மீது எழுதிக் கொடுக்க வேண்டும்! அறிவிப்புப் பலகையில் குழுவின் பெயர்கள் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பலகை வரை நடந்து போகும் துணிச்சலை யார் கொடுப்பது?

திண்டுக்கல்லில் நடந்தது

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் நம் மாநிலத்திலேயே கிடைத்தது. ஆனால் அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து வந்த ஓர் இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைது செய்யப்பட்டவர் அதே தொழிற்சாலையின் சூப்பர்வைசர். அவர் பல மாதங்களாகத் தொல்லை கொடுத்து வந்தார் என்று அந்தப் பெண்ணின் வீட்டாரும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். புகார் சொல்ல வழி இருந்திருந்தால் அந்தப் பெண் இன்று உயிரோடு இருந்திருக்கலாம் என்ற நினைப்பே நெஞ்சை அடைக்கிறது.

வழக்கமாக இப்படிப்பட்ட செய்திகள் நாலு நாள் பத்திரிகையில் வந்து மறைந்துவிடும். இந்த முறை அப்படி நடக்கவில்லை. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கம், ஆலையின் நிர்வாகம், அங்கிருந்து ஆடை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனம், தொழிலாளர் உரிமை அமைப்புகள் ஆகியவை சேர்ந்து கையெழுத்திட்டதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். பிறகு கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன. சுமார் 5,000 தொழிலாளர்கள் அதன் கீழ் வந்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் புதிய தண்டனை எதுவும் இல்லை. சுவரை உயர்த்தவும் இல்லை. தொழிலாளர்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்து, சங்கம் பயிற்சி கொடுத்து, வேலைத்தளத்தில் கண்காணிப்பவர்களாக நியமித்தார்கள். பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம் சொன்னால் போதும், அவர் எடுத்துப் பேசுவார். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று விதி. நிர்வாகம் மீறினால் வாங்கும் நிறுவனம் வியாபாரத்தைக் குறைக்கும். அதாவது, ஒரு பெண்ணின் புகாருக்கு ஆர்டர் புத்தகத்தில் ஒரு விலை வைத்தார்கள். சங்கமும் அதன் கூட்டாளி அமைப்புகளும் வெளியிட்ட முதலாண்டு அறிக்கையின்படி, 185 புகார்கள் வந்து 182 தீர்க்கப்பட்டன. 185 புகார் என்பதைப் பார்த்து அந்த ஆலை மோசம் என்று நினைக்கக் கூடாது. புகாரே வராத ஆலைதான் பயப்பட வேண்டிய ஆலை.

கல்யாணம் என்ற கடன்

ஆனால் ஆலைகளோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் கட்டுரை பாதி உண்மையைத்தான் சொல்லும். சுமங்கலி என்ற தூண்டிலில் புழுவாக மாட்டியது எது? கல்யாணச் செலவு. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் வெளிப்படையாக "கல்யாணப் பணம்" என்று அச்சடித்து ஆள் சேர்க்க முடிந்திருக்கிறது என்றால், அந்தச் சட்டத்தை மதிக்காதவர்கள் ஆலை முதலாளிகள் மட்டுமல்ல. மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து பவுன் கணக்குப் பேசிய ஒவ்வொரு குடும்பமும் அந்த வேனுக்கு டீசல் போட்டிருக்கிறது.

இங்கே ஒருவரை நினைவுகூர வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883இல் பிறந்தவர். தேவதாசி முறையை நேரில் அறிந்து அதை எதிர்த்துப் போராடியவர். சிறு பெண்களைப் பொட்டுக்கட்டிவிட்டு அவர்கள் வாழ்க்கையை மற்றவர்கள் அனுபவித்த கொடுமையை 1936இல் நாவலாகவும் எழுதினார். 1947இல் சென்னை மாகாணத்தில் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. அவர் பெயரில் 1989இல் தமிழக அரசு தொடங்கியது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம். பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் உதவி என்ற நிபந்தனையால் பல பெண்கள் படித்தார்கள் என்பதை மறுக்க முடியாது. 2011இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. ஆனாலும் பெண்ணின் படிப்பின் முடிவு கல்யாண மண்டபம்தான் என்று அரசே சொல்வது போல அது இருந்தது. 2022இல் அந்தத் திட்டம் புதுமைப் பெண் என்று மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் பணம் அவள் பெயரில், அவள் கைக்கு, மாதா மாதம் வருகிறது. பிடித்து வைத்துக் கடைசியில் கொடுப்பதில்லை. சுமங்கலித் திட்டத்துக்கு நேர் எதிரான கணக்கு இது.

மறுபக்கமும் கேட்க வேண்டும்

இவ்வளவு கடுமையாகப் பேசினால் ஆலைகள் மூடிப் போகும், அந்தப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து இன்னும் இளவயதில் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று சிலர் சொல்வார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. மில்லுக்குப் போனதால் அப்பாவின் கடனை அடைத்தவர்களும், தம்பியைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. சாதிக் கொடுமை உள்ள ஊரிலிருந்து வெளியே வந்ததே பெரிய நிம்மதி என்று நினைக்கும் பெண்களும் இருப்பார்கள். பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று யாராவது இதிலிருந்து முடிவெடுத்தால் அது இன்னொரு பூட்டாகத்தான் முடியும். வேலை வேண்டும். சட்டப்படியான கூலி கைக்கு வரும் வேலை, வேண்டாம் என்றால் விட்டுவிட்டு வரக்கூடிய வேலை வேண்டும்.

இன்னும் சிலர், "சுமங்கலித் திட்டமெல்லாம் பழைய கதை, இப்போது ஏது?" என்பார்கள். பெயர் மறைந்தது உண்மை. வெளிநாட்டில் கெட்ட பெயர் வந்த பிறகு யாரும் அந்தப் பெயரை அச்சடிப்பதில்லை. ஆனால் விடுதியில் தங்க வைத்து வேலை வாங்கும் முறை போகவில்லை. இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் மாநிலங்களிலிருந்தும் பெண்கள் ரயிலேறி வருகிறார்கள். தேனியிலிருந்து வந்த பெண்ணுக்காவது போலீஸ் ஸ்டேஷனில் பேச மொழி தெரியும். இவர்களுக்கு அதுவும் இல்லை. தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததைப் பார்த்துக் கொதித்த தமிழர்கள், வந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நேர்வதையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பெரிய பெரிய தீர்வுகளை அரசும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கும் அந்தத் தெரிந்த மனிதரிடம் ஒரு குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

கூலி மாதா மாதம் பெண்ணின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வருமா? சம்பளச் சீட்டு கொடுப்பார்களா? பாதியில் வேலையை விட்டால் அதுவரை உழைத்த கூலி முழுவதும் கிடைக்குமா? விடுதியில் அவள் போன் அவளிடமே இருக்குமா? வாரத்தில் ஒரு நாள் வெளியே போகலாமா, வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கலாமா? ஏதாவது நடந்தால் அவள் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் பெயர் என்ன?

நேர்மையான நிர்வாகத்துக்கு இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடக் கஷ்டமானது இல்லை. பதில் சொல்லாமல் எழுந்து போகிறவர் போகட்டும். அந்த வீட்டுப் பெண் தப்பித்தாள்.

கேள்வி கேட்கும் பொறுப்பு குடும்பத்துக்கு மட்டுமல்ல. ஒரு மாணவி தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால், அவள் எங்கே போனாள் என்று தலைமையாசிரியர் விசாரிக்க வேண்டும். ஊரிலிருந்து எத்தனை பெண்கள், யார் மூலம், எந்த ஆலைக்குப் போயிருக்கிறார்கள் என்று ஊராட்சியில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். ஆடு மாடு எத்தனை என்று கணக்கெடுக்கும் ஊரில், போன பெண்கள் எத்தனை என்று தெரியாமல் இருப்பது அவமானம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்களைப் பள்ளிச் சுவரில் எழுதினால் மட்டும் போதாது. சம்பவம் நடந்த பிறகு "ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காமல் "யார் அது?" என்று கேட்கும் வீடு அந்தப் பெண்ணுக்கு இருக்க வேண்டும். அப்போதுதான் அவள் அந்த எண்ணைச் சுழற்றுவாள்.

பெண் பிள்ளையைப் பாதுகாப்பது என்றால் அவளைச் சுற்றிச் சுவர் எழுப்புவது என்றே தலைமுறை தலைமுறையாக நினைத்து வந்திருக்கிறார்கள். அந்த நினைப்பைத்தான் புரோக்கர்கள் முதலாக்கினார்கள். கூலி அவள் கையில் இருக்கட்டும். கதவின் சாவி அவளிடமே இருக்கட்டும். அவள் சொன்னால் நம்பும் நாலு பேர் அருகில் இருக்கட்டும். அதற்கு மேல் ஒரு காம்பவுண்டு சுவர் தேவைப்பட்டால் கட்டிக்கொள்ளலாம்!